குளிக்கும் இடமும் ஒரு வைத்தியசாலை

குளிக்க நல்ல இடம் கேட்டால் அதை ஆடம்பரம் என்கிறோம். நம் நாட்டுச் சரித்திரம் வேறு மாதிரிச் சொல்கிறது.

மிகிந்தலை மலையடிவாரத்தில் 9ஆம் நூற்றாண்டு வைத்தியசாலை ஒன்றின் இடிபாடுகள் இருக்கின்றன. நடுவே முற்றம், சுற்றிலும் நோயாளிகளுக்குச் சிறு அறைகள். வெந்நீர்க் குளியலுக்கும் தனி இடம் வைத்திருந்தார்கள். ஒரே கல்லில் ஆள் படுக்கும் அளவுக்குக் குடைந்த தொட்டியை இன்றும் பார்க்கலாம். சிங்களத்தில் அதற்கு ‘பெஹெத் ஒருவ’ என்று பெயர். மருந்துத் தோணி என்று அர்த்தம். மூலிகை எண்ணெயிலோ கஷாயத்திலோ நோயாளியைக் கிடத்தி வைத்தியம் பார்ப்பதற்கானது. மெதிரிகிரியவிலும் பொலன்னறுவையிலும் இதே மாதிரித் தொட்டிகள் கிடைத்திருக்கின்றன.

உடம்புக்கு மட்டுமல்ல, மனதுக்கும் தண்ணீர் மருந்தானது. துருக்கியின் எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1488இல் கட்டி முடித்த வைத்தியசாலையில், பெரிய குவிமாடத்தின் கீழ் ஒரு நீரூற்று. அதைச் சுற்றி நோயாளிகளின் அறைகள். மனநோயாளிகளுக்குத் தண்ணீர் விழும் சத்தத்தோடு இசையும் கொடுத்தார்கள். 17ஆம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலபி இதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டிவைப்பது பல நாடுகளில் வழக்கமாக இருந்த காலம் அது.

அந்த நாட்டு ஹம்மாம்களைப் பாருங்கள். முதலில் குளிர்ந்த அறை, பிறகு இளஞ்சூடு, கடைசியில் வெந்நீர் அறை. உடம்பு திடுக்கிடாமல் சூட்டுக்குப் பழகும். குளித்து வந்தவர் உட்கார்ந்து ஆற இடம் இருக்கும். பெண்களுக்குத் தனிப் பகுதியோ தனி நேரமோ உண்டு.

இனி நம் ஊருக்கு வருவோம். 1924இல் பதுளைக்கு ரயில் வந்தது. தெமோதரையில் பாதை மலையைச் சுற்றி வளைந்து, நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் புகுந்து போகிறது. அவ்வளவு நுட்பமாகப் பாதை போட்ட காலத்தில், அந்த ரயிலில் தேயிலையை ஏற்றி அனுப்பியவர்களின் லயன்களில் குளியலறை என்று ஒன்று கட்டவில்லை. பொதுப் பீலிதான். நாள் முழுக்கக் கொழுந்து பறித்து, மழையில் நனைந்து, அட்டை கடித்த காலோடு வரும் பெண், திறந்தவெளியில் உடுத்த துணியோடு குளிரில் குளித்தாள். இன்றும் பல லயன்களில் அதுதான் நிலைமை.

நமக்குப் பளிங்கு ஹம்மாம் வேண்டாம். தாழ்ப்பாள் உள்ள கதவு, வழுக்காத தரை, ஒரு வாளி சுடுதண்ணீர், உட்கார ஒரு திண்ணை போதும். தோட்டங்களில் தனி வீட்டுத் திட்டங்கள் வரும்போது, சுவரையும் கூரையையும் பற்றிப் பேசுகிறோம். குளியலறையையும் வரைபடத்திலேயே கேட்டு வாங்குவோம். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இந்த மண்ணில் அதை வைத்தியத்தின் பாகமாகக் கட்டினார்கள்.