வெள்ளி இழையும் அடிமை விலங்கும்

1852! அமெரிக்க மருத்துவ ஏடொன்றிலே ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் டாக்டர் ஜேம்ஸ் மாரியன் சிம்ஸ். பிள்ளைப்பேற்றின்போது சிறுநீர்ப்பை பழுதுற்ற பெண்களைக் குணப்படுத்தும் முறையை அதிலே விளக்கினார். தீராது என்று மருத்துவர் பலர் கைவிட்ட நோய் அது. சிம்சின் புகழ் கடல் கடந்து பரவிற்று.

புகழட்டும், தவறில்லை. ஆனால் அந்த முறை எவர் உடலிலே பயிலப்பட்டது?

நோயை முதலில் அறிவோம். பேறு நாட்கணக்கில் நீளும்போது, குழந்தையின் தலை தாயின் சிறுநீர்ப்பையை இடுப்பெலும்போடு சேர்த்து நெரிக்கிறது. குருதியோட்டம் நிற்கிறது. நெரிபட்ட சதை மடிகிறது. சில நாளில் துளை விழுகிறது. ஃபிஸ்டுலா என்பர் மருத்துவர். பிள்ளை பெரும்பாலும் பிழைப்பதில்லை. தாய்க்கோ இரவும் பகலும் ஓயாது சிறுநீர் கசியும். கணவன் விலகுவான்; உறவு ஒதுக்கும்; ஊர் மூக்கைப் பொத்தும். சாபம் என்பர், செய்த பாவம் என்பர். சாபமல்ல தோழர்களே, சதையின் சாவு! விதியல்ல, வேளைக்குக் கிட்டாத மருத்துவம்!

அலபாமா மாநிலத்து மாண்ட்கோமெரி நகரிலே, 1845ஆம் ஆண்டு, இந்நோயுற்ற நீக்ரோ அடிமைப் பெண்கள் சிம்சிடம் கொண்டுவரப்பட்டனர். அனார்க்கா, பெட்ஸி, லூசி என மூவர் பெயர் மட்டுமே நமக்குத் தெரியும். அனார்க்காவுக்கு வயது பதினேழு அளவில். மூன்று நாள் பேற்று வலியில் துடித்தவள் அவள். எசமானர்களோடு சிம்ஸ் பேசிக்கொண்ட ஏற்பாட்டைக் காணுங்கள்: உணவு மருத்துவர் பொறுப்பு; உடையும் வரியும் எசமானர் பொறுப்பு. ஆம், வரி! அவர்கள் உடைமைகள் அல்லவா?

முதற் கத்தி லூசியின் மீது விழுந்தது. மண்டியிட்ட நிலையிலே ஏறத்தாழ ஒரு மணி நேரம். சுற்றிலும் வேடிக்கை பார்த்த மருத்துவர்கள். பின்னர் நச்சுக் காய்ச்சல் கண்டு, சாவின் வாயில்வரை சென்று மீண்டாள். தோல்விமேல் தோல்வி. உடனிருந்த மருத்துவர்கள் சலித்து விலகினர். அடிமைப் பெண்களே ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு உதவினர். பட்டு நூல் சீழ் பிடித்தது. பொற்கொல்லர் செய்து தந்த மெல்லிய வெள்ளி இழையால் தைத்தபோது, 1849ஆம் ஆண்டு, புண் மூடிற்று. அனார்க்காவுக்கு அது ஏறத்தாழ முப்பதாவது அறுவை!

மயக்க மருந்து? ஈதரின் ஆற்றல் பாஸ்டன் நகரிலே 1846ஆம் ஆண்டு உலகறிய மெய்ப்பிக்கப்பட்டது. புதியது, இடர் மிக்கது என்று தயங்கியோர் உண்டு. ஆயினும் மூன்றாண்டுகள் அப்பெண்கள் மயக்கமின்றியே அறுக்கப்பட்டனர்.

“அவர்களே வேண்டிக்கொண்டனர்” என்பது சிம்சின் கூற்று. நோயின் கொடுமை தாளாது வேண்டியும் இருக்கலாம். ஆனால் ‘மாட்டேன்’ என்று சொல்ல உரிமை இல்லாதவள் சொல்லும் ‘சரி’க்கு என்ன விலை? அவர்கள் தம் கதையை எழுதிய ஒரு வரிகூட நமக்குக் கிட்டவில்லை. கத்தி பிடித்தவர் எழுதினார். கத்திக்கு அடியில் கிடந்தவர் ஊமையானார். இதுவா முழு வரலாறு?

1894ஆம் ஆண்டு நியூயார்க்கில் சிம்சுக்குச் சிலை எழுந்தது. 2018ஆம் ஆண்டு மக்கள் எதிர்ப்பால் அது பீடத்திலிருந்து இறக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு மாண்ட்கோமெரியிலேயே அனார்க்கா, பெட்ஸி, லூசி மூவர்க்கும் சிலை நிறுவப்பட்டது. சற்றேறக்குறைய 170 ஆண்டுகள் காத்திருந்த நீதி!

அறிவியல் இப்படித்தான் வளர வேண்டுமா? இல்லை. 1959ஆம் ஆண்டு எத்தியோப்பியாவுக்குச் சென்ற மருத்துவத் தம்பதியர் ரெஜினால்ட் ஹாம்லினும் காதரின் ஹாம்லினும் இதே நோயை எதிர்த்துப் போராடினர். 1974ஆம் ஆண்டு அடிஸ் அபாபாவில் இதற்கெனவே மருத்துவமனை கண்டனர். அவர்களிடம் நோயாளியாக வந்த, எழுதப் படிக்க அறியாத மாமிட்டு கஷே என்ற சிற்றூர்ப் பெண், அவர்களிடமே பயின்று, தானே அறுவை செய்யும் வல்லுநரானார். ஒரு கால் நூற்றாண்டு போதாது, இவ்விரு காட்சிகளுக்கும் இடையே ஒரு நூற்றாண்டே கிடக்கிறது. அங்கே நோயாளி கருவி. இங்கே நோயாளி தோழர்.

அறிவியலை வணங்காதீர், அறிந்துகொள்வீர்! கண்டுபிடிப்பைப் போற்றும் அதே வாயால், “யார் உடலில்? யார் ஒப்புதலோடு?” என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியும் பகுத்தறிவே!