அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது?

போன ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து அம்மா போன் செய்தார்கள். "பிள்ளைய ஏழாம் மாசமே இங்க அனுப்பிரு. தலைப்பிரசவத்த ஊர்லயே பாத்துக்கலாம். பம்பாய்ல யாரு இருக்கா உங்களுக்கு?" என்றார்கள். முப்பத்தைந்து வருஷமாக நாங்கள் சுனாபட்டியில் இருக்கிறோம். அம்மாவுக்கு இன்னும் இது பம்பாய்தான், இங்கே எங்களுக்கு யாரும் இல்லைதான்!

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் சிரித்தாள். அப்புறம் ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, நான் பிறந்தப்போ நீங்க ஏதோ பேப்பர்ல கையெழுத்துப் போட்டீங்களாமே, அம்மா சொன்னாங்க. அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

எனக்குத் தெரியாது.

1994-ம் வருஷம், திருநெல்வேலிப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஒன்றரை நாள் ரயிலில் வந்து இறங்கி, குளிக்காமல் கூட ஓடியிருந்தேன். நர்ஸ் வெளியே வந்து, "குழந்தைக்குத் துடிப்பு குறையுது, உடனே ஆபரேஷன் பண்ணணும்" என்று சொல்லி, ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளை நீட்டினார். டிபன் கேரியர் மூடியின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். ஒரு வரி கூடப் படிக்கவில்லை. உள்ளே என் மனைவி முழு நினைவோடு படுத்திருந்தாள். அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த டாக்டரைக் குறை சொல்ல வரவில்லை. ஆபரேஷன் உண்மையிலேயே தேவைப்பட்டிருக்கலாம். மகள் நல்லபடியாக இருக்கிறாள், அதுவே போதும். ஆனால் அவள் கேட்ட கேள்வி மட்டும் போகவில்லை. பிரசவத்தில் முடிவு எடுப்பது யார்? நான் டாக்டர் இல்லை, மருந்து கம்பெனியில் தர ஆய்வு பார்ப்பவன். கொஞ்ச நாளாக இதைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். வெளியூரில் பிள்ளை பெற்று வளர்க்கும் நம் குடும்பங்களுக்கு உதவலாம்.

முதலில் நம் ஏரியாவிலிருந்து ஆரம்பிக்கலாம். சுனாபட்டி என்றால் சுண்ணாம்புச் சூளை. இங்கே இருந்த சுதேசி மில்லை ஜாம்ஷெட்ஜி டாடா தொடங்கியது 1886-ல் (2000-ல் மூடிவிட்டார்கள்). அதே 1886-ல்தான் பம்பாயில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான காமா ஆஸ்பத்திரி திறந்தது. அதை நடத்த வந்தவர் எடித் பீச்சி என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர். அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1885-ல், சென்னையில் மேரி ஷார்லீப் பெண்களுக்கென்று ஒரு ஆஸ்பத்திரி தொடங்கினார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்று இருப்பது அதுதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த ஆஸ்பத்திரிகள் வந்ததற்கு ஒரு முக்கியமான காரணம் பெண்களின் மறுப்பு. ஆண் டாக்டரிடம் போகமாட்டோம் என்று பெண்கள் வீட்டிலேயே மருத்துவச்சியிடம் பிரசவம் பார்த்துக்கொண்டார்கள். பலர் செத்தார்கள். "சரி, அவர்கள் ஏற்றுக்கொள்ளும்படி ஒரு இடம் கட்டுவோம்" என்று அந்த மறுப்பை மதித்துக் கட்டியவைதான் இவை. பெண்ணின் சம்மதம் என்பது நேற்று அமெரிக்காவிலிருந்து வந்த ஃபேஷன் இல்லை.

அடுத்தது மில் தொழிலாளிகள். பிரசவத்துக்கு லீவு போட்டால் கூலி கிடையாது என்ற காலம். பம்பாய் சட்டசபையில் 1928-ல் மகப்பேறு உதவி மசோதா வந்தபோது அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நல்லது என்பது அவர் வாதம். 1929-ல் சட்டமானது. இந்தியாவில் இந்த வகையில் அதுதான் முதல் சட்டம். கூலி இல்லாமல் ஓய்வு எடுக்க முடியாதவளிடம் போய் "உன் விருப்பம் என்ன" என்று கேட்டு என்ன பிரயோஜனம்?

இனி மருத்துவத் தலையீடு. இதில் 1955 ஒரு விசேஷமான வருஷம்.

அந்த வருஷம் பம்பாய் டாக்டர் வி.என். ஷிரோத்கர், கர்ப்பப்பை வாய் பலவீனமாக இருந்து நாலாம் ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்துகொண்டே இருக்கும் பெண்களுக்கு, அந்த வாயில் ஒரு தையல் போட்டுக் கர்ப்பத்தைக் காப்பாற்றும் முறையை வெளியிட்டார். கட்டுரை வந்தது நம் சென்னையின் 'ஆண்டிசெப்டிக்' பத்திரிகையில். இன்றும் உலகம் முழுக்க 'ஷிரோத்கர் தையல்' என்றுதான் சொல்கிறார்கள்.

அதே வருஷம் வின்சென்ட் டு விக்னோவுக்கு வேதியியல் நோபல் பரிசு. ஆக்ஸிடோசினை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டியவர் அவர். பிரசவ வலி வர டிரிப்ஸில் ஏற்றுகிறார்களே, அதே மருந்துதான். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தி எத்தனையோ தாய்மார்களைக் காப்பாற்றுவதும் இதுதான்.

அதே வருஷம் நியூயார்க்கில் எமானுவேல் ஃபிரீட்மேன் 500 தலைப்பிரசவங்களை வரைபடமாகப் போட்டுக் காட்டினார். வலி மும்முரமானபின் கர்ப்பப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டராவது திறக்க வேண்டும் என்ற கணக்கு பரவியது இந்த வழியில்தான். பிரசவ அறைக்குள் கடிகாரம் வந்தது. "இன்னும் திறக்கலை, வெயிட் பண்ண முடியாது" என்று நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம் இல்லையா? 2018-ல் உலக சுகாதார நிறுவனம் இதைத் திருத்தியது. மும்முர கட்டம் தொடங்குவது ஐந்து சென்டிமீட்டரில், பல பெண்களுக்கு மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்பது வேகமான கணக்கு, தாயும் சேயும் நன்றாக இருக்கும்போது கடிகாரத்தை மட்டும் பார்த்துத் தலையிட வேண்டாம் என்று சொன்னது. எல்லோருக்கும் வழக்கமாகப் பிறப்புறுப்பு வாயில் கத்தரித்துத் தைப்பதும் வேண்டாம் என்றது.

ஆக, தையலும் ஊசியும் கத்தியும் கெட்டவை இல்லை. யாருக்கு, எப்போது, யாரைக் கேட்டு என்பதுதான் விஷயம்.

கேட்காமல் செய்த காலமும் உண்டு. 1969-ல் ஆஸ்பத்திரிப் பிரசவங்களோடு குடும்பக் கட்டுப்பாட்டைச் சேர்க்கும் மத்திய அரசுத் திட்டம் வந்தது. பிள்ளை பெற்ற களைப்பில் இருப்பவளிடம் ஆபரேஷன் பற்றிப் பேச அதுதான் நல்ல நேரம் என்று அரசு நினைத்தது. எமர்ஜென்சியின்போது, 1976-ல், மகாராஷ்டிர சட்டசபை ஒரு படி மேலே போய், மூன்று குழந்தைகளுக்கு மேல் போகாமல் கட்டாயக் கருத்தடை செய்யும் மசோதாவையே நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காததால் அது சட்டமாகவில்லை.

நல்ல பக்கமும் நம் வாசலிலேயே இருக்கிறது. தாராவிக்கும் சுனாபட்டிக்கும் பெரியாஸ்பத்திரி சயான் ஆஸ்பத்திரிதான். அங்கே குறைமாதக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ், பால் பவுடரை விட்டுத் தாய்ப்பாலுக்கு மாறினார். பச்சைக் குழந்தைகளைக் கவனிப்பதில் தாய்மாரையும் சேர்த்துக்கொண்டார். 1989-ல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி அங்கேதான் தொடங்கியது. 1999-ல் அவர் தொடங்கிய 'ஸ்னேகா' அமைப்பு தாராவியில் வேலை செய்கிறது. தாயை வெளியே நிறுத்தாமல் உள்ளே கூப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது சாட்சி.

இப்போது என் கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன்.

2008 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சமீரா கோலி வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. 1995-ல் டெல்லியில் ஒரு பெண்ணை மயக்க நிலையில் பரிசோதித்துக்கொண்டிருந்தபோதே, வெளியே இருந்த அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அது செல்லாது என்றது கோர்ட். நோயாளி வயதுவந்தவர், சுயநினைவு திரும்பியதும் அவரையே கேட்டிருக்கலாம், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, அதனால் அம்மாவின் சம்மதம் அவருடைய சம்மதம் ஆகாது. அம்மாவே ஆகாது என்றால், புருஷன் டிபன் கேரியர் மூடியில் போட்ட கையெழுத்து எந்த மூலைக்கு?

சம்மதம் வாங்குமுன் டாக்டர் எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு வரிசைப்படுத்தியது. என்ன செய்யப் போகிறோம், எதற்காக, வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்துகள் என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும். எவ்வளவு விவரம் சொல்வது என்பதில் மட்டும் இங்கிலாந்தின் பழைய முறையையே, அதாவது டாக்டர்களின் வழக்கத்தையே, அளவுகோலாக வைத்தது. வேடிக்கை என்னவென்றால், 2015-ல் இங்கிலாந்தே அந்த முறையை விட்டுவிட்டது. மாண்ட்கோமரி வழக்கு என்று பெயர், அதுவும் பிரசவ வழக்குதான். சர்க்கரை நோய் உள்ள சிறிய உருவத் தாய். குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு சுமார் 9 முதல் 10 சதவீதம். சொன்னால் சிசேரியன் கேட்பார் என்று டாக்டர் அதைச் சொல்லவில்லை. குழந்தை பாதிக்கப்பட்டது. அந்தத் தாயின் இடத்தில் இருப்பவருக்கு எது முக்கியமோ அதைச் சொல்லியே ஆகவேண்டும் என்றது கோர்ட்.

கவனியுங்கள், அந்தத் தாய்க்குக் கிடைக்காமல் போனது சிசேரியன். இங்கே பலருக்குக் கிடைக்காமல் போவது காத்திருக்கும் வாய்ப்பு. இரண்டிலும் தவறு ஒன்றுதான்: அவளிடம் சொல்லவில்லை.

சரி, ஊருக்கு அனுப்பலாமா? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி சிசேரியன் பிரசவங்கள் இந்தியாவில் 21.5 சதவீதம், மகாராஷ்டிராவில் 25.4, தமிழ்நாட்டில் 44.9. தமிழ்நாட்டுத் தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் பார்த்தால் 63.8, அரசு ஆஸ்பத்திரிகளில் 36. அப்படியானால் நம் ஊரில் தாய்மார் அதிகம் பிழைக்கிறார்களா? 2018-20 கணக்கில் ஒரு லட்சம் பிரசவத்துக்குத் தாய் மரணம் தமிழ்நாட்டில் 54, மகாராஷ்டிராவில் 33. இதற்குப் பல காரணங்கள் இருக்கும், கத்தி மட்டும் காரணம் இல்லை. இரண்டுமே நாட்டின் சராசரியான 97-ஐ விட நல்ல நிலைதான். ஆனால் அதிகம் அறுத்தால் அதிகம் பிழைப்பார்கள் என்ற கணக்கு மட்டும் சரிவரவில்லை.

அதனால் பம்பாயா ஊரா என்பதை விட, எந்த ஆஸ்பத்திரி, அங்கே கேட்டால் பதில் சொல்வார்களா என்பதுதான் பெரிய கேள்வி. அதை வலி வந்தபின் கேட்க முடியாது. ஏழாம் மாதத்தில் கேட்க வேண்டும். நூற்றுக்கு எத்தனை சிசேரியன் செய்கிறீர்கள்? வலி வர ஊசி எப்போது போடுவீர்கள்? கூட ஒருவர் உள்ளே இருக்கலாமா? (அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத் துணைக்கு மத்திய அரசு 2016-லேயே ஒப்புதல் கொடுத்துவிட்டது.) உண்மையான அவசரம் வந்தால் வாதாடக் கூடாது, ஒரு நிமிஷம் கூட முக்கியம். அந்த நிமிஷத்தில் நம்பி விடுவதற்காகத்தான் முன்னாலேயே பேசச் சொல்கிறேன்.

இதையெல்லாம் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கடைசியில் தலை நிமிராமலேயே சொன்னாள்: "அன்னைக்கு ஒருத்தர் உள்ள வந்து, இப்படி இப்படின்னு சொல்லியிருந்தாப் போதும். நானும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

முப்பது வருஷம் கழித்து இதைக் கேட்கிறேன். முடிவு மாறியிருக்காது. ஆனால் அது அவளுடைய முடிவாக இருந்திருக்கும்.

மகள் ஒரு நோட்டில் கேள்விகளைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறாள். செம்பூரில் ஒரு ஆஸ்பத்திரி, ஊரில் ஒன்று, இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் சொல்வாளாம். பாட்டியிடமும் அவளே பேசுகிறாளாம். கையெழுத்துப் போட நான் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். டிபன் கேரியர் மட்டும் கொண்டு வரச் சொல்லியிருக்கிறாள் :-)