திருக்கலசம் தாங்கும் செம்பு

குடமுழுக்கு நிகழுங்கால் அன்பர்தம் கண்கள் யாவும் விமானத்து உச்சியையே நோக்குகின்றன. ஆங்கு ஒளிரும் பொற்கலசத்தின் உள்ளே மறைந்து நிற்பது செம்பு. இரும்பல்லாத உலோகங்களுள் நம் திருக்கோயில்களுக்குப் பெருந்தொண்டு புரிந்தது இதுவே. இதன் இயல்பைத் திருப்பணிச் செல்வர்கள் அறிந்திருத்தல் நலம் பயக்கும்.

தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டு ஒரு செய்தியைத் தெரிவிக்கின்றது. முதலாம் இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அஃதாவது கி.பி. 1010இல், ஸ்ரீவிமானத்தின் உச்சியில் வைத்தற்குச் செப்புக்குடம் ஒன்று அளித்தான். அதன் நிறை 3083 பலம். அதன்மேற் போர்த்த பொற்றகடு 2926½ கழஞ்சு. செம்பு இத்துணை, பொன் இத்துணை என அவன் தனித்தனியே கல்லில் வெட்டுவித்தமை கருதத்தக்கது.

கலசத்திற்குச் செம்பைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இரும்பு மழையில் துருவேறி உதிரும். செம்போ மெல்லிய தகடாக அடித்தற்கு இசைந்து, பொன்னைத் தன்மேல் ஏற்று, காற்றையும் மழையையும் நெடுங்காலம் பொறுக்கும். செம்போடு துத்தநாகம் கலந்தால் பித்தளையாம். அது விளக்கிற்கும் தட்டிற்கும் உரியது. ஏறத்தாழ நான்கு பங்கு செம்பிற்கு ஒரு பங்கு வெள்ளீயம் கூடினால், மணிக்கு ஏற்ற வெண்கலம் ஆகும். அதன் ஓசை இனிது. ஆயினும் கீழே விழின் உடையும்.

இனி, திருமேனிகளைக் காண்போம். மெழுகில் வடித்த உருவின்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தே உலோகத்தை வார்ப்பது முன்னோர் முறை. தனிச்செம்பு 1085 பாகை வெப்பத்தில் உருகும். வார்ப்பிற்கு எளிதில் இணங்காது. வெள்ளீயம் சேரின் உறுதி பெருகும்; காரீயம் சேரின் உருகிய உலோகம் விரலும் அணியும் ஆகிய நுண்ணிய இடங்களிலும் ஓடிப் பாயும். இவற்றை 'ஐம்பொன்' என வழங்குகிறோம். எனினும் சோழர் காலத் திருமேனிகளை ஆராய்ந்தோர் அவற்றிற் பெரும்பகுதி செம்பும், எஞ்சியது வெள்ளீயமும் காரீயமுமே எனவும், பொன்னும் வெள்ளியும் இருப்பின் மிகச் சிறிதளவே எனவும் கண்டுள்ளனர். தஞ்சைக் கல்வெட்டுகளும் அவற்றைச் செப்புத் திருமேனி என்றே கூறுகின்றன. அவற்றின் பெருமை பொன்னால் வந்ததன்று. வடித்தோர் கைத்திறத்தாலும் வழிபட்டோர் அன்பாலும் வந்தது.

சைவ சித்தாந்த நூல்கள் உயிரைச் செம்பிற்கும் ஆணவ மலத்தைக் களிம்பிற்கும் உவமை கூறும். களிம்பு அகற்றத்தக்கதே. ஆயினும் பழந்திருமேனியின்மீது காலத்தால் படிந்து உறைத்த கருஞ்செம்மைப் படலம் அத்தகையதன்று. அஃது உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும் போர்வை. உப்பும் ஈரமும் கூடியவிடத்து வெளிர்பச்சைப் பொடியாய்ப் பூத்து உதிர்வதே செம்பை அரிப்பது. இவ்விரண்டின் வேற்றுமை அறியாமையால் விளைந்த இழப்பு ஒன்றை அடியேன் நேரிற் கண்டதுண்டு.

மடத்திற் பயின்ற நாளில் ஆசிரியருடன் ஒரு சிற்றூர்க் கோயிலுக்குச் சென்றிருந்தேன். குடமுழுக்கை முன்னிட்டு, அம்மை திருமேனி புதியதுபோல் ஒளிர வேண்டும் என்று அமிலம் இட்டுத் தேய்த்திருந்தனர். திருமேனி ஒளிர்ந்தது. ஆனால் ஆசிரியர் முன்பு படித்துச் சென்ற பீடத்தெழுத்துகள் மழுங்கிப் போயிருந்தன. அவர் அவ்விடத்தை விரலால் நெடுநேரம் தடவிப் பார்த்து, "கொடுத்தவன் பெயரும் போயிற்று, ஊரின் பெயரும் போயிற்று" என்றார். செய்தவர்கள் தீயவரல்லர், அன்பு மிகுதியாற் செய்தவர்களே.

ஆதலின், அன்பர்களுக்கு அடியேன் விண்ணப்பம் இவை: பழந்திருமேனியை அமிலம் இட்டுத் தேய்த்தலும், புதியது வார்த்தற்கு அதனை உருக்குதலும் வேண்டா. பழங்கலசத்தை இறக்கினால் அதன் நிறையையும் எழுத்தையும் பதிந்து காத்திடுக. புதியது அளிப்போர், செம்பு இத்துணை, பொன் இத்துணை என இராசராசன் காட்டிய நெறியில் எழுதி வைத்திடுக. வருங்காலத்தார் நம்மை அறிதற்கு அவ்வெழுத்தே துணையாகும்.

திருச்சிற்றம்பலம்.