கண்ணுக்கு இட்ட வேலி

கோயிலுக்குப் போகிறவன் மனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவதில்லை. ஐந்து பொறிகளையும் உடன் அழைத்துப் போகிறான். செவிக்கு மணியோசை, கண்ணுக்குத் தீபாராதனை, மூக்குக்குக் கற்பூரம், நாவுக்குப் பிரசாதம், நெற்றிக்குச் சந்தனத்தின் குளிர்ச்சி. புலன்களை அடக்கு என்று உபதேசிக்கும் சமயமே புலன்களுக்கு இத்தனை பெரிய விருந்தும் வைத்திருக்கிறது!

இந்த விருந்துக்கு ராஜாங்கமே செலவு செய்த காலம் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுக்களைப் பாருங்கள். திருப்பதியம் பாட 48 பேர், உடுக்கைக்கு ஒருவர், கொட்டி மத்தளத்துக்கு ஒருவர், ஆக 50 பேரை ராஜராஜன் நியமித்திருக்கிறான். திருமஞ்சன நீர் மணக்க ஏலமும் செண்பக மொட்டும் இலாமிச்சை வேரும் வாங்க ஏற்பாடு இருந்தது. நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள்; நாள்தோறும் ஓர் உழக்கு நெய்.

எல்லாம் சரி, விருந்துக்கு யாரை அழைத்தார்கள்?

மதில் கண்ணை மறைக்கும், காதை மறைக்காது. தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்டவனுக்கும் மணியோசை கேட்கும். கோபுரத்தை அவன் தூர நின்று கும்பிடலாம். தரிசனம் மட்டும் கிடையாது.

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தில் நந்தனாரைப் பாருங்கள். பேரிகை முதலிய கருவிகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அர்ச்சனைக்குக் கோரோசனையும் கொடுத்து வந்தவர் அவர். கோயிலின் ஓசையில் அவர் உழைப்பு இருந்தது, மணத்திலும் இருந்தது. கண்ணுக்குத்தான் உரிமை இல்லை. திருப்புன்கூரில் அவருக்காக நந்தி விலகியது என்பது கதை. இன்றும் அங்கே நந்தி சற்று ஒதுங்கியே இருக்கிறது. கல் விலகிற்று, மனிதர்கள் விலகவில்லை. தில்லைக்குள் புகுவதற்கு அவர் தீயில் மூழ்கி எழ வேண்டியிருந்தது.

ஏன் கண்ணுக்கு மட்டும் இந்த வேலி? பக்தன் சுவாமியைப் பார்ப்பது பாதி தரிசனம். சுவாமி பக்தனைப் பார்ப்பது மறு பாதி. ஒருவனை வாசலில் நிறுத்துவது, "இவன்மேல் உன் பார்வை படக்கூடாது" என்று ஆண்டவனுக்கே உத்தரவு போடுவதாகும். இதைவிடப் பெரிய நாஸ்திகம் உண்டா?

திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12-ல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. 1939 ஜூலை 8-ல் வைத்தியநாதய்யர், தடுக்கப்பட்டிருந்தவர்கள் சிலரை மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துப் போனார். 1947-ல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் பிறந்தது.

சட்டம் கதவைத் திறந்துவிட்டது. ஆனாலும் 2023 ஜனவரியில், திருவண்ணாமலை மாவட்டத்துத் தென்முடியனூரில், அதிகாரிகளும் போலீஸாரும் காவல் நிற்க, அதன் பிறகே தலித் மக்கள் மாரியம்மன் கோயிலுக்குள் அடியெடுத்து வைக்க முடிந்தது. நந்தனார் காலத்து மதிலில் ஒரு பகுதி இன்னும் இடியாமல் நிற்கிறது. அது கல்லால் கட்டியதல்ல.