மேட்டிலிருந்து பட்டணம்: கைக்காசுக்குள் போய்வந்த கதை

கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் ஏலமலை ஊரான வண்டன்மேட்டில் யாராவது முதல்முறையாக மதுரைக்கோ சென்னைக்கோ புறப்பட்டால், முந்தின நாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து வழி கேட்டுவிட்டுப் போவது வழக்கம். ஏலத்தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள் நான். வருகிறவர்களில் பாதிப்பேர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள்; மீதிப்பேர் பரீட்சைக்கோ, பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கவோ, வேலைக்கான நேர்காணலுக்கோ போகிறவர்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “டீச்சர், எவ்வளவு கையில இருந்தா போதும்?”

நான் சொல்லும் பதிலில் என் கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை. ராத்திரி வண்டி பிடி, ரயிலடியை விட்டு வெகுதூரம் போய்த் தங்காதே, முதல் வேளைச் சோற்றைக் கட்டிக்கொண்டு போ, சாதா பஸ்ஸுக்குக் காத்திரு என்பதெல்லாம் என் அப்பா சொன்னது. அவருக்கு அவர் அப்பா சொன்னது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பாதை, ஒரு ரயில், ஒரு சத்திரம், ஒரு சட்டம் இருக்கிறது. ஏழை மனிதர் குறைந்த காசில் பட்டணம் போய்வருவது அவருடைய சாமர்த்தியத்தால் மட்டும் நடந்ததில்லை. பலர் சேர்ந்து பல காலமாகக் கட்டிவைத்த பொது ஏற்பாடுகளால் நடந்தது. அந்தக் கதையைத்தான் எழுத நினைக்கிறேன்.

முதலில் காலால் போட்ட பாதைகள். 19-ம் நூற்றாண்டில் ஏலம் திருவிதாங்கூர் அரசின் ஏகபோகச் சரக்கு. ஆனால் மலையேறி அதை விளைவித்தவர்களில் பெரும்பாலோர் கம்பம் பள்ளத்தாக்கின் தமிழர்கள். கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம், போடி என்று அடிவாரத்து ஊர் ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு மெட்டு உண்டு. கம்பம்மெட்டு, ராமக்கல்மெட்டு, போடிமெட்டு எல்லாம் அப்படி ஏறிவந்த வாசல்கள்தான். மேலே போகும்போது அரிசி, உப்பு, கருவாடு. கீழே இறங்கும்போது ஏலக்காய் மூட்டை. தலைச்சுமையும் பொதிமாடும்தான் வாகனம். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து குடும்பத்தை அடிவாரத்திலேயே விட்டுவிட்டு வந்தவர்கள் அதிகம். அதனால் நடந்து ஏறி, நடந்து இறங்குவது ஒரு பிழைப்பு முறையாகவே இருந்தது. கூட்டமாகப் போவது, இருட்டும் முன் அடுத்த ஊரைச் சேருவது, தண்ணீர் கிடைக்கும் இடத்தில் உட்கார்ந்து கட்டுச்சோற்றை அவிழ்ப்பது என்ற ஒழுங்குகள் அந்த நடையில் பழகியவை.

கட்டுச்சோறு என்றதும் அம்மாவின் கை நினைவுக்கு வருகிறது. புளிக்காய்ச்சலை முந்தின நாளே நல்லெண்ணெய் மிதக்கக் கிண்டி வைத்துவிடுவாள். விடியுமுன் சோற்றை விறைப்பாக வடித்து, தாம்பாளத்தில் பரப்பி, சூடு முழுக்க ஆறிய பிறகுதான் பிசைவாள். சூட்டோடு கட்டினால் உள்ளே வேர்த்து, மதியத்துக்குள் நீர்விட்டுப் போய்விடும். வாழையிலையைத் தணலில் வாட்டி, மடிப்பில் கிழியாதபடி வளைத்து, நாரால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுவாள். மறுநாள் காலை வரை அது தாங்கும். பட்டணத்தில் முதல் நாள்தான் காசு அதிகம் கரையும்; இடம் தெரியாது, விலை தெரியாது, பசியில் கண்ட கடையில் நுழையத் தோன்றும். அந்த முதல் வேளையைக் கையோடு கொண்டுபோனால் நிதானம் தானாக வருகிறது.

அடுத்தது ரயில். மதுரைக்கு ரயில் வந்தது 1875-ல். ஆனால் மதுரை எங்களுக்கு வெகுதூரம். மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூருக்குப் பாதை திறந்தது 1928-ல். மலைச்சரக்கை ஏற்றிப்போவதற்காகப் போட்ட பாதை அது. சரக்கோடு சேர்ந்து நாங்களும் போனோம். இரண்டாம் உலகப் போரின்போது 1942-ல் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். விடுதலைக்குப் பிறகு, 1950-களில்தான் மறுபடி ரயில் ஓடியது. என் தலைமுறைக்குத் தெரிந்தது அந்த மீட்டர்கேஜ் வண்டி. மெதுவாகத்தான் போகும். ஆனால் காய்கறிக் கூடையும், கோழியும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும், ஆஸ்பத்திரிக்குப் போகும் கிழவியும் ஒரே பெட்டியில் போகலாம். பஸ் கட்டணத்தில் பாதிகூட ஆகாது.

மதுரையில் இறங்கினால் எதிரிலேயே மங்கம்மாள் சத்திரம். 17-ம் நூற்றாண்டின் கடைசியில் பேரனுக்காக மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள், சாலைகளும் சத்திரங்களும் கட்டியதற்காகவே இன்றும் பேசப்படுகிறவர். அவர் பெயரைத் தாங்கிய சத்திரத்தின் வாசலில் பின்னாளில் ரயில் வந்து நின்றது. அப்பா ஏலக்காய்க் கடைக்குக் கணக்குப் பார்த்தவர். மதுரைக்குப் போனால் அங்கேதான் படுப்பார். “ரயிலடிக்கு எதிர்ல படுத்தா, வண்டிக் கூலியும் மிச்சம், காலைல ஓடுற ஓட்டமும் மிச்சம்” என்பார். சென்னையிலும் அதே ஏற்பாடு இருந்தது. சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரே 1880-களில் ராஜா சர் சவலை ராமசாமி முதலியார் கட்டிய சத்திரம், ரயிலில் வந்திறங்கும் வெளியூர்க்காரருக்காகவே எழுந்தது. தர்மம் செய்ய நினைத்தவர்கள் வழிப்போக்கருக்குக் கூரை கொடுப்பதை முதல் தர்மமாக நினைத்த காலம் அது. ரயிலடியை விட்டு வெகுதூரம் போய்த் தங்காதே என்ற விதி அங்கிருந்து வந்தது. இன்றைக்கு அதையே இப்படிச் சொல்கிறேன்: ஒரே நாளில் வேலை முடியுமென்றால் அறையே வேண்டாம். ராத்திரி வண்டியில் போய், காத்திருப்போர் அறையில் குளித்து உடை மாற்றி, மூட்டையை நிலையத்துப் பொருள் காப்பறையில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். பைக்குப் பூட்டு இருந்தால்தான் வாங்கிக்கொள்வார்கள்; டிக்கெட்டையும் காட்ட வேண்டும். ஒரு சின்னப் பூட்டு, ஒரு நாள் வாடகையை மிச்சப்படுத்தும்.

பட்டணத்துக்குள்ளே சுற்றுவதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1895-ல். இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் அதுதான். 1953 வரை ஓடியது. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் 1931-ல் வந்தது. 1972-ல் பஸ்கள் அரசுக் கழகங்களின் கைக்கு வந்தன. சென்னைக்குப் பல்லவன், மதுரைக்குப் பாண்டியன். அதற்குமுன் மதுரைப் பக்கத்துச் சாலைகளில் டி.வி.எஸ். பஸ்கள் ஓடின, பஸ் வரும் நேரத்தை வைத்துக் கடிகாரத்தைச் சரிசெய்வார்கள் என்று அப்பா சொல்வார். தனியார் கையிலிருந்து அரசின் கைக்கு மாறியதில் சிலருக்கு மனத்தாங்கல் இருக்கலாம். ஆனால் லாபம் வராத வழியிலும் பஸ் ஓட வேண்டும், மாணவருக்குப் பாஸ் கொடுக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு வந்தது அதனால்தான்.

இந்த வரிசையில் என் மனசுக்கு மிக நெருக்கமானது 2021 மே 8. தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது என்று ஆன நாள். எங்கள் தோட்டத்துப் பெண் கம்பத்தில் இறங்கி டவுன் பஸ் ஏறினாலும், மதுரை ஆரப்பாளையத்திலிருந்து ரயிலடிக்குப் போனாலும், சென்னையில் தாம்பரத்திலிருந்து நகரத்துக்குள் போனாலும், சாதா பஸ்ஸாக இருந்தால் கட்டணம் இல்லை. ஆகவே முதலில் வரும் சொகுசு பஸ்ஸில் அவசரப்பட்டு ஏற வேண்டாம், ஏறுமுன் கண்டக்டரிடம் “சாதா பஸ்ஸாண்ணே?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆண்களுக்குச் சென்னை சாதா பஸ்ஸிலும் புறநகர் மின்சார ரயிலிலும் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய்தான். 2015-ல் வந்த மெட்ரோ வேகமானது, குளிர்ச்சியானது. நேரத்துக்குப் போக வேண்டிய நேர்காணலுக்கு அதில் போங்கள், திரும்பும்போது பஸ்ஸில் வாருங்கள். சாப்பாட்டுக்கு 2013-ல் தொடங்கிய அம்மா உணவகம் இருக்கிறது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய் என்று தொடங்கிய விலை. சென்ட்ரலுக்கு எதிரே உள்ள அரசுப் பொது மருத்துவமனை வளாகத்திலேயே ஒன்று உண்டு. நோயாளியோடு போகிறவர்களின் கைக்காசைக் காப்பாற்றியது அது.

இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்த ஏற்பாடு குலைந்தால் என்ன ஆகும் என்பதையும் எங்கள் ஊர் பார்த்திருக்கிறது. 1956-ல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தோடு சேர்ந்தன. எங்கள் தோட்டம் ஒரு மாநிலத்தில், எங்கள் சந்தை இன்னொரு மாநிலத்தில் என்பதே நிலைத்துவிட்டது. நடுவில் செக்போஸ்ட் வந்தாலும் போக்குவரத்து நிற்கவில்லை. இன்றும் விடியுமுன்னே கம்பத்திலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் ஜீப்புகள் மேடேறுகின்றன. தலையில் துணி சுற்றி, மடியில் தூக்குச்சட்டி வைத்து, மழைக்குப் போர்த்த பிளாஸ்டிக் தாளை மடித்துச் செருகிக்கொண்டு, தோளோடு தோள் நெருக்கி உட்கார்ந்து வரும் பெண்கள்தான் இந்த மலையின் ஏலக்காயை எடுக்கிறார்கள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைத் தகராறில் குமுளியும் கம்பம்மெட்டும் அடைபட்டபோதும், 2020-ல் கொரோனாவில் எல்லை மூடியபோதும், அந்த ஜீப்புகள் நின்றன. காயைப் பழுக்கவிட்டு வேடிக்கை பார்த்தோம். மதுரைக்கு மருந்து வாங்கப் போக வேண்டியவர்கள் கேரளத்துக்குள்ளேயே சுற்றுவழி தேடினார்கள்.

ரயிலும் அப்படித்தான். அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010 முடிவோடு போடி வண்டியை நிறுத்தினார்கள். தேனி வரை ரயில் திரும்பி வந்தது 2022 மே மாதத்தில். போடிக்கு வந்தது 2023 ஜூன் 15-ல். இடையில் பன்னிரண்டு வருஷம். அந்த வருஷங்களில் பிறந்த பிள்ளைகள் ரயிலையே பார்க்காமல் பள்ளிக்கு வந்தார்கள். பஸ்ஸுக்குக் கொடுத்த கூடுதல் காசு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. கூலிக்காரர் வீட்டுச் சுருக்குப்பைக்குத்தான் அது தெரியும்.

ஆனால் திரும்பி வந்தபோது ரயில் ஒரு நல்ல செய்தியோடு வந்தது. போடியிலிருந்து மதுரை, கரூர், நாமக்கல், சேலம், காட்பாடி வழியாகச் சென்னை சென்ட்ரலுக்கு நேர் வண்டி. தொடங்கியபோது வாரத்தில் மூன்று நாள். ராத்திரி ஏறினால் காலையில் சென்ட்ரல். சாலையைத் தாண்டினால் பெரிய ஆஸ்பத்திரி. சென்னைக்கு வெளியே கிளாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, நோயாளியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு இரண்டு வண்டி மாறிப் போவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதனால் என்னிடம் கேட்பவர்களுக்கு இப்போது சொல்லும் வழி இது: ஜீப்பிலோ பஸ்ஸிலோ அடிவாரம் இறங்குங்கள், மதுரைக்கு வேலை என்றால் போடி அல்லது தேனியில் ரயில் ஏறுங்கள், சென்னைக்கு என்றால் நேர் வண்டி ஓடும் நாளாகப் பார்த்து ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்குங்கள். மதுரையிலிருந்து சென்னைக்குப் பஸ்தான் என்றால், ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் இறங்கி மாட்டுத்தாவணி நிலையத்துக்கு டவுன் பஸ் பிடியுங்கள். இரண்டும் நகரத்தின் இரண்டு ஓரம், ஆட்டோவில் போனால் பாதிச் சேமிப்பு அங்கேயே போய்விடும். இன்னொன்றையும் மறக்காமல் சொல்கிறேன். நம் ரேஷன் அட்டை கேரளத்தது. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடு நமக்குப் பொருந்தாது. பெரிய அறுவை சிகிச்சை என்றால் கோட்டயம் மெடிக்கல் காலேஜை முதலில் கேளுங்கள். பயணத்தில் மிச்சம் பிடித்ததைச் சிகிச்சையில் இழக்கக் கூடாது.

கோட்டயமும் கொச்சியும் எங்களுக்குப் பட்டணங்கள்தான். கொச்சிக்குப் போகிறவர்களிடம் எறணாகுளம் ஜெட்டியிலிருந்து அரசுப் படகில் கோட்டைக்கொச்சிக்குப் போகச் சொல்கிறேன். மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகு அது. 2023-ல் வந்த வாட்டர் மெட்ரோ அழகானது, ஆனால் பழைய படகின் கட்டணம் அதைவிடப் பலமடங்கு குறைவு. எந்த ஊரானாலும் உள்ளூர்த் தொழிலாளி எதில் வேலைக்குப் போகிறாரோ, அதில் ஏறுங்கள். அதுதான் அந்த ஊரின் மலிவான வழி. பெரும்பாலும் நம்பகமான வழியும் அதுவே.

ஆனால் இந்த வழிகளைப் பயன்படுத்துவதோடு நம் கடமை முடியவில்லை. சத்திரத்தை ஒரு ராணி கட்டினார். ரயிலைச் சரக்குக்காகப் போட்டார்கள், நாம் நம்முடையதாக்கிக்கொண்டோம். பெண்களின் இலவசப் பயணம் தேர்தல் வாக்குறுதியாக வந்தது. இனி நாம் கேட்க வேண்டியவை பாக்கி இருக்கின்றன. போடி வண்டிகளில் முன்பதிவில்லாப் பெட்டிகள் குறையாமல் இருக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகளை ஒட்டி, நோயாளியின் துணைக்கு வந்தவர் குறைந்த வாடகையில் தலைசாய்க்க அரசு விடுதி வேண்டும். கம்பம்மெட்டு வழியாக விடியலிலும் இரவிலும் இரு மாநிலப் பஸ்களும் ஓட வேண்டும். பஞ்சாயத்துக் கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள், மனுவில் எழுதுங்கள், ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கேளுங்கள். நமக்குப் பின்னால் பட்டணம் போகும் பிள்ளைக்கு நாம் கட்டிக்கொடுக்கும் சத்திரம் இதுதான்.