ராமன் போட்ட கண்டிஷன்

சர் சி.வி.ராமன் மேல எனக்குக் கொஞ்சம் பக்தி ஜாஸ்தி. எட்டாங்கிளாஸ் பேச்சுப்போட்டியில் அவரைப் பத்திப் பேசி சோப்பு டப்பா பரிசு வாங்கினவன் நான். அதனாலேயே இந்த விஷயத்தைப் படிச்சப்போ ஒரு மாதிரி ஆயிடுச்சு.

வருஷம் 1933. பம்பாய் பல்கலைக்கழகத்தில் முதலாவதாகத் தேறிய கமலா பாகவத் என்ற பெண் (கல்யாணத்துக்கு அப்புறம் கமலா சோஹோனி), பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர விண்ணப்பிக்கிறார். அவர் அப்பாவும் அப்பாவோட சகோதரரும் அங்கேயே படித்த கெமிஸ்டுகள். மார்க்கும் இருக்கு. அப்புறம் என்ன? இயக்குநர் நாற்காலியில் ராமன். பெண் என்பதால் முடியாதுன்னுட்டார்.

கமலா விடல. நேரா பெங்களூர் வந்து காரணம் கேட்டார். காந்தி காலமில்லையா... சேர்க்கும்வரை நகரமாட்டேன்னு சத்தியாகிரகம்! ராமன் இறங்கி வந்தார், ஆனா கண்டிஷனோட. முதல் வருஷம் தற்காலிகமாகத்தான் இருக்கணும். வேலையின் தரம் அவருக்குத் திருப்தியானால்தான் அங்கீகாரம். கூட இருக்கும் ஆண்களின் கவனத்தைச் சிதறடிக்கக் கூடாது. (அடப்பாவமே!)

எல்லாரும் திட்டுறது மூணாவது கண்டிஷனை. எனக்கென்னவோ ரெண்டாவதுதான் உறுத்துது. ஆராய்ச்சிப் பட்டம் என்பது மூணு மணி நேரப் பரீட்சை எழுதி பாஸாகிற சமாச்சாரம் இல்லை. பாதி நாள் பரிசோதனை சொதப்பும். காரணம் புரியாது. மறுபடி முதல்லேர்ந்து. சொதப்பினாலும் பரவாயில்லை, நேரம் இருக்கு என்ற தைரியத்தில்தான் மாணவன் காலம் தள்ளுவான். கமலாவுக்கு அந்தத் தைரியத்தையே கொடுக்கல. ஒரு வருஷம் உழைச்சு, கடைசியில் ஒருத்தர் உதட்டைப் பிதுக்கினால் அத்தனையும் கணக்கிலேயே வராது.

வழிகாட்டியாக அமைந்தவர் எம்.ஸ்ரீனிவாசய்யா. பாலிலும் பருப்பு, பயறு வகைகளிலும் உள்ள புரதங்கள்தான் ஆராய்ச்சி. கறி வாங்க வசதியில்லாத வீட்டுக் குழந்தைக்குப் புரதம் வேற எங்கேர்ந்து வரும், சொல்லுங்க? வருஷம் முடிஞ்சது, ராமனுக்குத் திருப்தி. அந்தக் கழகம் அப்போ தானே பட்டம் தரும் பல்கலைக்கழகம் கிடையாது. அதனால் 1936இல் எம்.எஸ்சி. கொடுத்தது பம்பாய் பல்கலைக்கழகம். பெங்களூரில் மத்த பெண்களுக்கும் கதவு திறந்தது.

அடுத்து கேம்பிரிட்ஜ், உருளைக்கிழங்கில் சைட்டோகுரோம் சி, 1939இல் பிஎச்.டி. நம்ம குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்திலும் கொஞ்ச காலம் வேலை. பிறகு பம்பாயில் நீரா (நம்ம பதநீருக்கு ஒண்ணுவிட்ட தம்பி) பத்தின ஆராய்ச்சி.

ராமன் பக்கமும் ஒரு வார்த்தை சொல்லணும். 1940இல் அன்னா மணி அவருடைய ஆய்வுக்கூடத்திலேயே சேர்ந்தார். மனுஷன் மாறிட்டார்னு சமாதானப்படுத்திக்கலாம்னு பார்த்தேன். ஆனா வயசான காலத்தில் கமலாவே இதைப் பத்திப் பேசியிருக்கார். ராமன் பெரிய விஞ்ஞானிதான், ஆனா குறுகிய மனசு, பெண் என்பதால் தன்னை அவர் நடத்தின விதத்தை மறக்கவே முடியாது என்கிற மாதிரி. கிட்டத்தட்ட அறுபது வருஷம் கழிச்சு!

1998இல் கமலா காலமானார். அந்த சோப்பு டப்பா இன்னும் எங்க அம்மா வீட்டுல இருக்கு.