லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?

நம் வீடுகளில் பிள்ளையோ மாப்பிள்ளையோ புதுக் கார் வாங்கியிருப்பதாகச் சொன்னால், பெரியவர்கள் முதலில் கேட்பது "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்பதுதான். தில்லியில் அக்கம்பக்கத்தார் இதையே "கித்னா தேத்தி ஹை?" என்பார்கள். பசு மாடு வாங்கியவரிடம் எத்தனை படி பால் கறக்கும் என்று விசாரிப்பது போல. பிரேக் எப்படி, மோதினால் என்ன ஆகும் என்று விசாரித்த பெரியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இந்தக் கேள்வி நம்மோடு கூடப் பிறந்தது என்று இளைய தலைமுறையினர் நினைக்கலாம். உண்மையில் அதற்கு ஐம்பது வயதுதான் ஆகிறது. அது எப்படிப் பிறந்தது, அதற்காக எதையெல்லாம் கொடுத்தோம் என்பதை நமது அங்கத்தினர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சுதந்திரத்திற்குப் பிந்தைய கால் நூற்றாண்டில் நம் நாட்டில் கார் என்றால் மூன்றுதான். கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் பிர்லாவின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாஸடர், பம்பாய் குர்லாவில் வால்சந்த் குழுமத்தின் பிரீமியர் தயாரித்த ஃபியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இதில் அம்பாஸடர், ஆங்கிலேயர்களின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் மறுபிறவி. 1957-58ல் வந்தது. எஞ்சின் 1489 சி.சி. எடை ஏறக்குறைய 1,100 கிலோ. முன்னால் மூவர், பின்னால் மூவர், மடியில் குழந்தைகள், மேலே கேரியரில் பெட்டி படுக்கை என்று ஒரு குடும்பமே கல்யாணத்துக்குப் போகலாம். பள்ளம் மேடு எதற்கும் அசராது. நடுவழியில் நின்றால், எந்த ஊர் மெக்கானிக்கும் ஒரு ஸ்பானரையும் கம்பியையும் வைத்துக்கொண்டு ஓட வைத்துவிடுவார். அந்த நாள் சாலைகளுக்கும் கூட்டுக் குடும்பத்துக்கும் இவைதான் முக்கியமாக இருந்தன. லிட்டருக்கு எட்டு அல்லது ஒன்பது கிலோமீட்டர் என்பதை யாரும் ஒரு குறையாகச் சொன்னதில்லை. வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்க வேண்டிய பொருளில் குறை பார்க்க இடமும் இல்லை!

நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு 1970களின் தொடக்கத்தில் தில்லியில் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தேன். ஆபீஸ் ஸ்டாஃப் கார்கள் எல்லாம் அம்பாஸடர்தான். லாக் புக்கில் எங்கே போனது, எத்தனை கிலோமீட்டர், யார் கையெழுத்து என்பது இருக்கும். பெட்ரோல் கணக்கும் இருக்கும், ஆனால் யாரும் கூட்டி வகுத்துப் பார்க்க மாட்டார்கள். 1973ன் கடைசி மாதங்களில் இது மாறியது.

அந்த வருஷம் அக்டோபரில் அரபு-இஸ்ரேல் யுத்தம் மூண்டது. பீப்பாய் 3 டாலருக்குச் சற்றே குறைவாக இருந்த கச்சா எண்ணெய், 1974 ஜனவரிக்குள் 12 டாலரை நெருங்கிவிட்டது. இந்தியா தன் எண்ணெய்த் தேவையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை அப்போது வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. அந்நியச் செலாவணிக் கையிருப்போ மிகச் சொற்பம். மண்ணெண்ணெய் ஏழையின் அடுப்புக்கு, டீசல் லாரிக்கும் ரயிலுக்கும். அவற்றை அதிகம் உயர்த்த முடியாது. பெட்ரோல் பணக்காரர் சமாசாரம் என்று சுமையை அதன் தலையில் ஏற்றினார்கள். நவம்பர் 12ஆம் தேதி வாஜ்பாயி மாட்டு வண்டியில் ஏறிப் பாராளுமன்றத்துக்கு வந்து விலையேற்றத்துக்கு எதிர்ப்புத் தெரிவித்தார். லாக் புக்கைக் கூட்டி வகுத்துப் பார்க்கும் பழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. மாதக் கடைசியில் சராசரி குறைந்தால் டிரைவருக்கு ஒரு மெமோ போகும். சரிவில் எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு போகும் கலையைப் பல டிரைவர்கள் அப்போதுதான் கற்றார்கள். அப்படிச் செய்தால் பிரேக்குக்கு ஆபத்து என்று சொன்னாலும் எடுபடாது. மெமோ பயம் பெரிது.

1974ல் பம்பாய் ஹையில் எண்ணெய் கண்டுபிடித்தோம். 1978ல் பெட்ரோலியப் பொருள் சிக்கனத்துக்கென்றே பி.சி.ஆர்.ஏ. என்ற அமைப்பை அரசு ஏற்படுத்தியது. 1979ல் ஈரான் புரட்சியால் மறுபடியும் விலை ஏறியது. இந்தப் பின்னணியில்தான் மாருதி வருகிறது.

மாருதியின் அரசியல் பூர்வோத்தரம் எல்லோருக்கும் தெரிந்தது, அதற்குள் போகவில்லை. பழைய கம்பெனியை அரசு எடுத்துக்கொள்ள 1980ல் சட்டம் இயற்றியபோது, எதற்காக எடுத்துக்கொள்கிறோம் என்பதற்குச் சொன்ன காரணங்கள்தான் நமக்கு முக்கியம். மோட்டார்த் தொழிலை நவீனமாக்குவது, அதிக எண்ணிக்கையில் வண்டிகள் தயாரிப்பது, இவற்றோடு, அரிய வளங்களைப் பாதுகாக்க எரிபொருள் சிக்கனமான வண்டிகளைத் தயாரிப்பது. எனக்குத் தெரிந்தவரை, மைலேஜ் நம் நாட்டில் ஒரு தேசிய லட்சியமாகச் சட்டத்தில் ஏறியது அங்கேதான். பாதுகாப்பு அந்தப் பட்டியலில் இல்லை. அன்றைய நிலையில் யாருக்கும் அது தோன்றவும் இல்லை.

பி.எச்.இ.எல். தலைவராகப் பெயர் பெற்ற வி. கிருஷ்ணமூர்த்தியிடம் பொறுப்பு வந்தது. அவரும் ஆர்.சி. பார்கவாவும் ஜப்பானின் சுஸுகியோடு 1982 அக்டோபரில் ஒப்பந்தம் செய்தார்கள். 1983ல் பத்தாயிரம் ரூபாய் கட்டி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள். டிசம்பர் 14ஆம் தேதி முதல் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். 796 சி.சி., மூன்று சிலிண்டர், எடை சுமார் 650 கிலோ. விலை ஐம்பதாயிரம் ரூபாய்ச் சுற்றுவட்டாரம். லிட்டருக்குப் பதினாறு, கவனமாக ஓட்டினால் பதினெட்டு. அம்பாஸடர்காரர்கள் இதைத் தீப்பெட்டி என்று கேலி செய்தார்கள். ஆனால் குடும்பம் நடத்துகிறவனுக்குக் கணக்கு தெரியுமே. வருஷம் 10,000 கிலோமீட்டர் ஓட்டினால் அம்பாஸடருக்கு 1,100 லிட்டர் பெட்ரோல் வேண்டும், மாருதிக்கு 625 போதும். கிட்டத்தட்ட பாதி.

இதே சமயம் சென்னையில் நடந்த கதை இதற்கு மறுபக்கம். 1985ல் ஸ்டாண்டர்ட் கம்பெனி, ஐரோப்பாவில் 1977ஆம் ஆண்டின் சிறந்த கார் என்று பரிசு பெற்ற ரோவர் எஸ்.டி.1 காரின் உடலைக் கொண்டுவந்து, 'ஸ்டாண்டர்ட் 2000' என்று வெளியிட்டது. பார்க்க ராஜ கம்பீரம். உள்ளே வைத்ததோ பழைய காலத்து இரண்டு லிட்டர் எஞ்சின். பெட்ரோலைக் குடித்தது, வேகமும் இல்லை. சில வருஷங்களிலேயே காரும் போயிற்று, கம்பெனியும் மூடிற்று. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் மைலேஜ் இல்லாத கார் இந்தியாவில் விலைபோகாது என்ற பாடத்தை மற்றத் தயாரிப்பாளர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

இங்கே கொஞ்சம் பௌதிகம் சொல்ல அனுமதியுங்கள். நகரத்தில் ஒரு கார் நின்று நின்று போகிறது. ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் அதன் முழு எடையையும் வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்தச் சக்தி அடுத்த சிக்னலில் பிரேக்கில் வெறும் சூடாகிப் போய்விடுகிறது. ஆகவே எடை குறைந்தால் பெட்ரோல் மிச்சம். எடையைக் குறைக்கச் சுலபமான வழி, தகட்டை மெல்லிசாக்குவது, கதவுக்குள் இருக்கும் குறுக்குக் கம்பியை எடுத்துவிடுவது, காற்றுப் பையை வைக்காமல் விடுவது. விலையும் இறங்கும். ஷோரூமில் நிற்கும் வண்டியைப் பார்த்து இது எதையும் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் நியூட்டன் கண்டுபிடித்துவிடுவார். 1,100 கிலோ காரும் 650 கிலோ காரும் ஆளுக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். உந்தம் மாறாது என்ற விதிப்படி, கனமான காரின் வேகம் கண்சிமிட்டும் நேரத்தில் 37 கிலோமீட்டர் மாறும். சின்னக் காருக்கு அது 63. உள்ளே இருப்பவர்கள் உடம்பு தாங்க வேண்டியது இந்த மாற்றத்தைத்தான். அமெரிக்காவில் 1975 சட்டத்தின்படி காரின் சராசரி மைலேஜைக் கட்டாயமாக உயர்த்தினார்கள். அந்நாட்டு தேசிய விஞ்ஞான அகாடமியின் குழு 2002ல் கொடுத்த அறிக்கை, கார்கள் இலேசாகவும் சிறிதாகவும் ஆனதால் 1993ஆம் வருஷத்தில் மட்டும் 1,300 முதல் 2,600 பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று மதிப்பிட்டது. குழுவிலேயே இருவர் இதை ஏற்கவில்லை. எல்லாக் கார்களும் சேர்ந்து இலேசானால் கணக்கு மாறும் என்பது அவர்கள் கட்சி. அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நம் நெடுஞ்சாலையில் எதிரே வருவது இன்னொரு மாருதி அல்ல, கரும்பு லாரி.

1998 கடைசியில் டாடா இண்டிகா வந்தபோது சிக்கனம் வேறு பாதையில் போயிற்று. டீசல் காரில் லிட்டருக்குக் கிலோமீட்டரும் அதிகம், லிட்டர் விலையும் குறைவு. விவசாயிக்காகவும் லாரிக்காகவும் மலிவாக வைத்திருந்த டீசலை, வசதியுள்ளவர்கள் பெரிய காரில் ஊற்றிக்கொண்டார்கள். 2012 மே மாதம் தில்லியில் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய்! அந்தச் சமயத்தில் விற்ற கார்களில் பாதிக்கு மேல் டீசல் ஆனதில் என்ன ஆச்சரியம்? எங்கள் காலனியில் ஓய்வு பெற்று வாரத்துக்கு ஒரு தரம் கோயிலுக்குப் போய்வருபவர்கள்கூட ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுத்து டீசல் கார் வாங்கினார்கள். அந்த லட்சத்தை மிச்சம் பிடிக்க அவர்களுக்கு இன்னொரு ஜன்மம் வேண்டும். புகையைச் சுவாசித்தது எல்லோரும். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு போயிற்று. 2015ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகள் தில்லியில் ஓடக்கூடாது என்றது. 2020ல் மாருதியே டீசலை விட்டுவிட்டது.

2014 ஜனவரிதான் என் பார்வையில் இந்தச் சரித்திரத்தின் திருப்பம். அந்த மாதம் 18ஆம் தேதி கடைசி மாருதி 800 தயாராயிற்று. மாதக் கடைசியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு, இந்தியாவில் விற்கும் ஐந்து சின்னக் கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்த்த முடிவை வெளியிட்டது. ஆல்டோ, நானோ, ஐ-10, ஃபிகோ, போலோ. காற்றுப் பை இல்லாத அந்த வண்டிகள் ஐந்துக்கும் பெரியவர் பாதுகாப்பில் பூஜ்யம். ஃபிகோ, போலோ இரண்டின் கூடு மட்டும் நிலைத்தது. மற்றவற்றின் கூடே சரிந்ததால் காற்றுப் பை வைத்தாலும் பயனில்லை என்றார்கள். போலோவின் தயாரிப்பாளர் பை இல்லாத மாடலை உடனே நிறுத்தினார். பை வைத்த அதே காருக்கு நான்கு நட்சத்திரம் கிடைத்தது. அம்பாஸடரும் அதே வருஷம் மே மாதம் நின்றது. (கனமான கார் என்பதால் அம்பாஸடர் பத்திரமானது என்று நினைத்துவிட வேண்டாம். மோதும்போது நசுங்கித் தாக்குதலை வாங்கிக்கொள்ளும்படி வடிவமைப்பது அதன் காலத்தில் வழக்கமில்லை. விறைப்பான ஸ்டீரியங் தண்டு ஓட்டுபவரின் மார்புக்கு நேரே இருந்தது.)

மறுதரப்பையும் சொல்ல வேண்டும். மழையில் ஸ்கூட்டரில் நான்கு பேராகப் போகும் குடும்பத்தைப் பார்த்துத்தான் நானோ யோசனை வந்தது என்று ரத்தன் டாடா சொன்னார். 2022ல் நம் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள். அவர்களுக்கு நட்சத்திரமே இல்லாத கார்கூட ஒரு கவசம்தான். பாதுகாப்பைக் கூட்டி விலையை ஏற்றினால், அந்தக் குடும்பம் ஸ்கூட்டரிலேயே இருந்துவிடும் என்ற வாதத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். ஆனால் ஏழு லட்சம், எட்டு லட்சம் கொடுப்பவருக்கும் அதே மெல்லிய கூட்டை விற்றதற்கு அந்த வாதம் பொருந்தாது.

பிறகு மாற்றங்கள் வேகமாக வந்தன. 2017 அக்டோபர் முதல் புது மாடல்களுக்கு மோதல் பரிசோதனை கட்டாயம். 2019 ஜூலையில் ஓட்டுபவருக்குக் காற்றுப் பை, 2021ல் பக்கத்து இருக்கைக்கும். 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் பெற்றது. இந்தியாவில் தயாராகி இந்தியாவிலேயே விற்கும் காருக்குக் குளோபல் என்கேப் சோதனையில் அது முதல் தடவை. 2023 அக்டோபரில் பாரத் என்கேப் தொடங்கியது. 2024 நவம்பரில் மாருதி டிஸையர் ஐந்து நட்சத்திரம் வாங்கியதோடு, கம்பெனிக் கணக்கில் லிட்டருக்கு 24க்கு மேல் கொடுக்கவும் செய்கிறது. அதிக பலமுள்ள எஃகால் இது சாத்தியமாயிற்று. அதாவது, இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்று நமக்குப் பல வருஷம் சொன்னது முழு உண்மையல்ல.

மைலேஜ் கணக்கில் நம்மவர்கள் கவனிக்காத ஒன்றும் உண்டு. ஒன்பதிலிருந்து பதினாறுக்குப் போனபோது வருஷத்துக்கு 486 லிட்டர் மிச்சம். இருபதிலிருந்து இருபத்து நான்குக்குப் போனால் மிச்சம் 83 லிட்டர்தான். லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்தாலும் 8,300 ரூபாய், மாதம் எழுநூறு. 1983ல் அந்தக் கேள்விக்கு இருந்த கனம் வேறு, இப்போது இருப்பது வேறு. நல்ல டயருக்கும் பின் இருக்கை பெல்ட்டுக்கும் பேசாமல் கொடுக்கலாம்.

இருந்தாலும் கேள்வி மறையவில்லை. 2025ல் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலப்பது நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தபோது எழுந்த கூச்சலைப் பார்த்திருப்பீர்கள். எத்தனாலின் சக்தி, அதே அளவு பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே இந்தக் கலவையில் ஆறு ஏழு சதவிகிதம் சக்தி குறையும். எண்ணெய் இறக்குமதிச் செலவு மிச்சமாகிறது என்று அரசு சொன்னது. என் வண்டி முன்போல் கொடுப்பதில்லையே என்று ஜனங்கள் சொன்னார்கள். 1980 சட்டத்தில் அரிய வளங்களின் பாதுகாப்பும் மைலேஜும் ஒரே வரியில் இருந்தன. நாட்டுக்கு மிச்சம், வீட்டுக்கும் மிச்சம். நாற்பத்தைந்து வருஷம் கழித்து அவை இரண்டும் எதிரெதிர்ப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டன.